வீட்ல இருந்தே யுனிவர்சிட்டி வேலையும் படிப்பும்: எதை முதல்ல செட் பண்ணணும், எதை கடைசில வாங்கணும்

நான் ஒரு காலேஜ்ல சிஸ்டம் சப்போர்ட் வேலை பாக்குறேன். வீட்ல இருந்து கிளாஸ் எடுக்குற கெஸ்ட் லெக்சரர், ஆன்லைன் டிகிரி படிக்கிற பசங்க, பிஎச்டி வைவாக்கு ரெடி ஆகுறவங்கனு நிறைய பேர் வீட்டுக்கு போய் செட் பண்ணி குடுத்திருக்கேன். கிட்டத்தட்ட எல்லாருமே ஒரே இடத்துல தான் தடுமாறுறாங்க, முதல் வேலையா லேப்டாப் வாங்கிடுறாங்க. கையில இருந்த காசு மொத்தமும் அதுல போயிடுது, அப்புறம் கிளாஸ் கட் ஆகுறதுக்கு காரணம் பீரோ மேல உக்காந்திருக்குற ரவுட்டர்னு தெரியும்போது 500 ரூபா ஒயர் வாங்கக்கூட யோசிக்கிறாங்க. இந்த வரிசைல லேப்டாப் அஞ்சாவது தான் வரும். வரிசை மாறினா காசும் போகும் நேரமும் போகும், அதனால ஒன்னுல இருந்தே ஆரம்பிங்க.

ஆரம்பிக்கும்போது பக்கத்துல ஒரு நோட்டு, பேனா, உங்க காலேஜ் மெயில் ஐடி, நெட் கனெக்‌ஷனோட கஸ்டமர் நம்பர், ஒரு லேன் ஒயர் (ரவுட்டர நேரா லேப்டாப்போட கோக்குற ஒயர்), டெஸ்ட் பண்ண ஏதாவது ஒரு லேப்டாப் இதெல்லாம் இருக்கட்டும். லேன் ஒயரோ லேப்டாப்போ இல்லனா யார்கிட்டயாவது இரவல் வாங்கிக்கோங்க, டெஸ்ட் பண்ண கண்டிப்பா வேணும்.

1. காலேஜ் என்ன கேக்குதுனு முதல்ல எழுதுங்க

கிளாஸ் எதுல நடக்குது, ஜூமா, கூகுள் மீட்டா, டீம்ஸா? அசைன்மென்ட் எதுல போடணும், கூகுள் கிளாஸ்ரூமா, மூடுலா? எக்ஸாம் வீட்ல இருந்தா, சென்டருக்கு போயா? வீட்ல இருந்துனா எந்த சாஃப்ட்வேர்? இந்த நாலு கேள்விக்கும் பதில் நோட்டுல ஏறுற வரைக்கும் எதையும் வாங்காதீங்க.

ஏன்னா எக்ஸாம் சாஃப்ட்வேர் எல்லா மெஷின்லயும் ஓடாது. சேஃப் எக்ஸாம் பிரவுசர்னு நிறைய யுனிவர்சிட்டி யூஸ் பண்றது ஒன்னு இருக்கு, அது விண்டோஸ், மேக், ஐபேட், ஐபோன்ல தான் ஓடும். ஆண்ட்ராய்டு டேப்லயும் க்ரோம்புக்லயும் ஓடாது. "கிளாஸ் பாக்கத்தானே அண்ணா, டேப் போதும்னு கடையில சொன்னாங்க"னு ஒரு பொண்ணு எக்ஸாமுக்கு நாலு நாள் முன்னாடி வந்து நின்னுச்சு. அந்த டேப்ப வச்சு ஒன்னும் பண்ண முடியல, சித்தப்பா ஆபீஸ் லேப்டாப்ப கேட்டு வாங்கி எழுதுச்சு. ஆபீஸ் லேப்டாப்லயும் ஒரு சிக்கல் உண்டு, புது சாஃப்ட்வேர் போட அட்மின் பாஸ்வேர்ட் கேக்கும், அது பெரும்பாலும் கம்பெனிக்காரங்ககிட்ட தான் இருக்கும். நல்லவேளை அந்த சித்தப்பாகிட்ட பாஸ்வேர்ட் இருந்துச்சு.

இன்னொன்னும் கேட்டு எழுதுங்க, காலேஜ் மெயில் ஐடிக்கு எந்தெந்த சாஃப்ட்வேர் லைசென்ஸ் ஃப்ரீயா கிடைக்குது. மைக்ரோசாஃப்ட் ஆபீஸ், மேட்லேப் மாதிரி ஐட்டமெல்லாம் பல யுனிவர்சிட்டி மொத்தமா வாங்கி வச்சிருக்காங்க, கேக்காதவங்களுக்கு தான் தெரியறதில்ல. கிராக் வெர்ஷன் போட்டு வைரஸ் ஏறி தீசிஸ் ஃபைல திறக்க முடியாம நின்னவங்கள பாத்திருக்கேன், அந்த நிலைமை யாருக்கும் வர வேண்டாம்.

2. கரண்ட்

லேப்டாப்புக்கு பேட்டரி இருக்கு, ரவுட்டருக்கு இல்ல. இது எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம் தான், ஆனா கரண்ட் போன அந்த செகண்ட் வரைக்கும் யாருக்கும் தோணாது. ஸ்க்ரீன் எரியும், மேடம் முகம் அப்படியே உறைஞ்சு நிக்கும்.

வீட்ல இன்வெர்ட்டர் இருந்தா முதல்ல மெயின ஆஃப் பண்ணி பாருங்க, ரவுட்டர் லைட் எரியுதா? நிறைய வீட்ல இன்வெர்ட்டர் லைன் லைட்டுக்கும் ஃபேனுக்கும் மட்டும் தான் இழுத்திருப்பாங்க, ரவுட்டர் சொருகின பாயின்ட் அதுல இருக்காது. எலக்ட்ரீஷியன கூப்பிட்டு அந்த ஒரு பாயின்ட்ட மாத்தினா போதும். எரியுது ஆனா ஒரு தடவை அணைஞ்சு எரியுதுனா, இன்வெர்ட்டர்ல யூபிஎஸ் மோட்னு ஒரு சுவிட்ச் இருக்கும், பல மாடல்ல பின்பக்கம், அதை மாத்துங்க. நார்மல் மோட்ல கரண்ட்ல இருந்து பேட்டரிக்கு மாற கொஞ்சம் நேரம் எடுக்கும், ஃபேனுக்கு அது தெரியாது, ரவுட்டர் அந்த இடைவெளிலயே ரீஸ்டார்ட் ஆகிடும், திரும்ப நெட் வர ரெண்டு மூணு நிமிஷம் ஆகும், வைவால ரெண்டு நிமிஷம் ரொம்ப பெரிய நேரம்.

இன்வெர்ட்டர் இல்லாதவங்க ரவுட்டருக்குனே விக்கிற மினி யூபிஎஸ் வாங்குங்க. அதுக்கு முன்னாடி ரவுட்டர் அடாப்டர்ல அச்சடிச்சிருக்குறத படிங்க, பெரும்பாலும் 12 வோல்ட், 1 ஆம்பியர் இல்லனா 1.5, 2 ஆம்பியர்னு இருக்கும். வோல்ட் அதே தான் இருக்கணும், ஆம்பியர் அதே அளவோ அதுக்கு மேலயோ இருக்கலாம். 12 வோல்ட் 1 ஆம்பியர்னா அதிகபட்சம் 12 வாட், ஒரு எல்ஈடி பல்பு அளவு தான், அதனால சின்ன பேட்டரியே நல்ல நேரம் தாங்கும். சில வீட்ல ஃபைபர் பெட்டி தனி, வைஃபை பெட்டி தனினு ரெண்டு இருக்கும். ஒன்னுக்கு மட்டும் பேக்கப் குடுத்துட்டு "யூபிஎஸ் வேலை செய்யல"னு கூப்பிடுவாங்க. ரெண்டுக்கும் குடுக்கணும்.

உங்க ஏரியாவோட மாசாந்திர பராமரிப்பு மின்தடை என்னைக்குனு பேப்பர்ல முன்கூட்டியே போடுவாங்க, பெரும்பாலும் காலைல 9 மணிக்கு போனா மதியம் தான் வரும். அந்த தேதிய பாத்துட்டு வைவா தேதிக்கு ஓகே சொல்லுங்க.

3. நெட் லைன முதல்ல அளந்து பாருங்க

"100 எம்பிபிஎஸ் பிளான் போட்ருக்கேன் அண்ணா, ஆனாலும் மேடம் பேசுறது கட் கட்டா வருது." வாரத்துக்கு ஒரு தடவையாவது இதை கேக்குறேன். கோளாறு லைன்லயா, வீட்டுக்குள்ள வைஃபைலயானு பிரிச்சு பாக்காம பிளான மட்டும் ஏத்திக்கிட்டே போறது தான் இங்க பெரிய தப்பு.

லேன் ஒயர ரவுட்டர்ல இருந்து நேரா லேப்டாப்ல சொருகி ஸ்பீட் டெஸ்ட் எடுங்க. அப்புறம் ஒயர கழட்டிட்டு நீங்க உக்காந்து படிக்கிற அதே இடத்துல வைஃபைல எடுங்க. காலைல ஒன்னு, மதியம் ஒன்னு, ராத்திரி 8 மணிக்கு ஒன்னு, எல்லாத்தையும் நோட்டுல எழுதுங்க. ஒயர்ல நல்லா வந்து வைஃபைல விழுந்தா கோளாறு வீட்டுக்குள்ள, நாலாவது ஸ்டெப்புக்கு போங்க. ஒயர்லயே விழுந்தா கம்பெனிக்கு கூப்பிடுங்க, அப்போ இந்த நோட்டு கையில இருந்தா பேச்சே மாறும். "ஸ்லோவா இருக்கு சார்"னு சொல்றதுக்கும் "ஒயர்ல மூணு நாளா ராத்திரி 8 மணிக்கு அப்லோடு 1 தான் வருது"னு சொல்றதுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கு.

டவுன்லோடு நம்பர பாத்து சந்தோஷப்படாதீங்க, உங்க முகமும் குரலும் போறது அப்லோடுல. ஒரு வீடியோ கிளாஸுக்கு ரெண்டு பக்கமும் 3, 4 எம்பிபிஎஸ் இருந்தாலே தாராளம், ஆனா அது ஆடாம நிக்கணும். பிங் நம்பர் (தகவல் போய் திரும்பி வர ஆகுற நேரம், மில்லி செகண்ட்ல) ஒரு தடவை 20, அடுத்த தடவை 300னு குதிச்சா 100 எம்பிபிஎஸ் இருந்தும் குரல் உடைஞ்சு தான் வரும்.

மொபைல் டேட்டா மட்டும் இருக்கவங்களுக்கு ஒரு கணக்கு. 1 எம்பிபிஎஸ்ல ஒரு மணி நேரம் ஓடினா 450 எம்பி போகும். அப்போ நாலு மணி நேர கிளாஸுக்கு 1.8 ஜிபி. தினம் 1.5 ஜிபி பேக் போட்டிருந்தா கடைசி கிளாஸ் நடுவுல தீந்துடும், 2 ஜிபி பேக்கும் மயிரிழைல தான் நிக்கும். வீடியோ குவாலிட்டிய குறைச்சு வச்சு, உங்க கேமராவ தேவைப்படும்போது மட்டும் ஆன் பண்ணா இது நல்லாவே குறையும்.

ஃபைபர் பெட்டில சிவப்பு லைட் எரிஞ்சா லைன் வரலனு அர்த்தம், ரீஸ்டார்ட் பண்ணிக்கிட்டே இருந்து பிரயோஜனம் இல்ல. பெட்டிக்கு பின்னாடி போற மெல்லிசான ஒயர் கட்டில் காலுக்கு அடியிலயோ கதவு இடுக்குலயோ மடங்கி இருக்கானு மட்டும் பாருங்க, உள்ள இருக்குறது கண்ணாடி இழை, மடங்கினா வெளிச்சம் கசிஞ்சிடும்.

4. ரவுட்டர் எங்க உக்காரணும்

அதிகமா தப்பு நடக்குறதும் இங்க தான், காசே இல்லாம சரி பண்ண முடியுறதும் இங்க தான்.

காரைக்குடி பக்கம் ஒரு பழைய வீடு, சுவர் ஒவ்வொன்னும் என் கை முழுசா நுழையுற கனம். ரவுட்டர் ஹால்ல இரும்பு பீரோ மேல, கூரையோட ஒட்டி, பின்னாடி ஒரு பித்தளை அண்டா. அந்த வீட்டு தம்பி உள் ரூம்ல ஜன்னல் பக்கத்துல உக்காந்து ஆன்லைன் டிகிரி படிக்கிறான். போன்ல வைஃபை ரெண்டு கோடு காட்டுது, கிளாஸ் ஓடல. ரவுட்டர எடுத்து ரூம் வாசப்படிக்கு நேரா ஒரு மர ஸ்டூல்ல வச்சோம், அவ்ளோ தான், வீடியோ நிக்காம ஓட ஆரம்பிச்சுது. அவங்க அம்மா "இது அழகா இல்லையே"னு சொன்னாங்க, அப்புறம் அதுக்கு மேல ஒரு துணி போட்டாங்க, துணிய நான் எடுக்க சொன்னேன், சூடாகும்.

காரணம் இது தான். இரும்பு வைஃபை அலைய மறைக்கும், தண்ணி அந்த அலைய உறிஞ்சும், கனமான சுவர் ரெண்டையும் செய்யும். அதனால பீரோ மேல, டிவி ஸ்டாண்டுக்குள்ள, ஃப்ரிட்ஜ் பக்கத்துல, மீன் தொட்டி பக்கத்துல வேண்டாம். நெஞ்சு உயரத்துல, திறந்த இடத்துல, நீங்க படிக்கிற ரூமுக்கு நேரா கதவு வழியா தெரியுற மாதிரி வைங்க.

பல ரவுட்டர் ரெண்டு பேர்ல வைஃபை காட்டும், 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ். 5 வேகம், ஆனா சுவர் தாண்டினா தளர்ந்துடும். 2.4 தூரம் போகும், ஆனா பக்கத்து வீட்டு வைஃபை, ப்ளூடூத், மைக்ரோவேவ் ஓவன் எல்லாம் அந்த பாதைல தான் நெரியுது. அப்பார்ட்மென்ட்ல இருந்தா 5, தனி வீட்ல தூர ரூம்னா 2.4, ரெண்டையும் டெஸ்ட் பண்ணிட்டு ஒன்னுல நில்லுங்க.

இடம் மாத்தியும் சரியாகலனா அடுத்தது லேன் ஒயர். 15, 20 மீட்டர் கேட் 6 ஒயர் வாங்கி நிலைப்படி ஓரமா கிளிப் அடிச்சு ரூமுக்கு இழுங்க. 100 மீட்டர் வரைக்கும் தாங்குற ஒயர் அது, வீட்டுக்குள்ள தூரம் ஒரு பிரச்சனையே இல்ல. கிளாஸ் எடுக்குறவங்களுக்கும் எக்ஸாம் எழுதுறவங்களுக்கும் நான் எப்பவும் ஒயர் தான் சொல்லுவேன், யார் வீட்ல எத்தன பேர் ஓடிடி பாத்தாலும் ஒயர்ல வைஃபை நெரிசல் இல்ல.

அதுக்கும் அப்புறம் தான் ரெண்டாவது ரவுட்டர். எக்ஸ்டெண்டர்னு சல்லிசா விக்கிறது பலதும் வாங்குற அலைய அதே பாதைல திருப்பி அனுப்புது, வேகம் பாதியா போயிடும். அதுக்கு பதிலா வீட்ல கிடக்குற பழைய ரவுட்டர ஒயர் இழுத்து உள் ரூம்ல வைங்க. ஒயர அதோட வான் போர்ட்ல (வெளி நெட் லைன் சொருகுற ஓட்டை) சொருகாம லேன் போர்ட்ல சொருகணும், அதுக்கு முன்னாடி பழைய ரவுட்டரோட டிஹெச்சிபிய (போன், லேப்டாப்புக்கு ஐபி அட்ரஸ் குடுக்குற செட்டிங்) ஆஃப் பண்ணிட்டு, முதல் ரவுட்டரோட ஐபி அட்ரஸும் இதோடதும் ஒன்னா இல்லாம மாத்தணும். இத பண்ணாம சொருகினா ரெண்டு ரவுட்டரும் ஆளுக்கு ஒரு பக்கம் அட்ரஸ் குடுத்து மொத்த வீட்லயும் நெட் நின்னுடும்.

5. இப்போ மெஷின்

8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்க விட வேகமான ஸ்டோரேஜ்), வேலை செய்யுற வெப்கேம். படிக்கவும் கிளாஸ் எடுக்கவும் இது போதும், டிசைன், எடிட்டிங், பெரிய டேட்டா வேலை பண்றவங்களுக்கு மட்டும் 16. வீட்ல ஏற்கனவே ஒரு பழைய லேப்டாப் ஸ்லோவா கிடந்தா புதுசு வாங்குறதுக்கு முன்னாடி உள்ள ஹார்ட் டிஸ்க்கா எஸ்எஸ்டியானு பாருங்க. ஹார்ட் டிஸ்க்னா அத மட்டும் எஸ்எஸ்டியா மாத்தி ரேம் சேத்து போட்டா பல லேப்டாப் இன்னும் நாலு வருஷம் ஓடும், சில மாடல்ல ரேம் போர்ட்லயே ஒட்டியிருக்கும், அதுல ஏத்த முடியாது, கடைக்காரர்கிட்ட முதல்ல கேளுங்க.

விண்டோஸ் 10-க்கு சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சுது. செகண்ட் ஹேண்ட் வாங்குறவங்க விண்டோஸ் 11 ஏறுமானு கேட்டு, கண்ணால பாத்து வாங்குங்க. சல்லிசா வர பழைய லேப்டாப் நிறைய 11 ஏறாத வகை.

விண்டோஸ் அப்டேட்ல ஆக்டிவ் ஹவர்ஸ்னு இருக்கும், உங்க கிளாஸ் நேரத்த அதுல போடுங்க, இல்லனா கிளாஸ் நடுவுல ரீஸ்டார்ட் கேக்கும். ரெண்டாவது மானிட்டர் வேணும்னா வாங்க வேண்டாம், ஹால் டிவிய ஹெச்டிஎம்ஐ ஒயர்ல கோத்து பாருங்க.

6. குரல் முதல்ல, முகம் அப்புறம்

முகம் மங்கலா இருந்தா கிளாஸ் நடக்கும், குரல் உடைஞ்சா நடக்காது. எங்க காலேஜ்ல ஒரு தமிழ் மேடம் வீட்ல இருந்து கிளாஸ் எடுக்கும்போது பசங்க "மேம் மழை பெய்யுதா"னு கேட்டிருக்காங்க. தலைக்கு மேல ஃபேன் அஞ்சுல ஓடுது, லேப்டாப் மைக் அந்த காத்த அப்படியே வாங்குது. 300, 400 ரூபா ஒயர் இயர்போன், மைக் வாய்க்கு கிட்ட, ஃபேன் ரெண்டுல, அவ்ளோ தான் மாத்தினோம்.

ப்ளூடூத் இயர்போன்ல ஒரு விஷயம் தெரிஞ்சுக்கோங்க, பாட்டு கேக்கும்போது அருமையா இருக்கும், மைக் ஆன் ஆனதும் பழைய போன் கால் மாதிரி ஆகிடும். ப்ளூடூத் மைக்குக்கு வேற மோட் எடுத்துக்குது, பெரும்பாலான செட்ல அதுல தரம் குறையும். அதனால தான் ஒயர் சொல்றேன். உங்க குரல் மத்தவங்களுக்கு எப்படி கேக்குதுனு தெரிய ஜூம் செட்டிங்ஸ்ல டெஸ்ட் மைக் அழுத்தி நீங்களே கேளுங்க. குக்கர் விசில், மிக்சி, ஆடி மாச கோவில் ஸ்பீக்கர் இதெல்லாம் நிறுத்த முடியாது, பேசாதப்ப மியூட்ல இருக்குற பழக்கம் தான் வழி.

ஜன்னல் முதுகுக்கு பின்னாடி இருந்தா முகம் கருப்பா தெரியும், திரும்பி ஜன்னல பாத்து உக்காருங்க. கணக்கு போட்டு காட்டுற ஆசிரியர்கள் போன ஒரு டப்பா அடுக்கு மேல கவுத்து வச்சு பேப்பர காட்டலாம், போன் தனியா அதே மீட்டிங்ல சேரணும். அப்போ போன்ல மைக்கும் ஸ்பீக்கரும் ரெண்டுமே ஆஃப், ஒன்ன விட்டாலும் எதிரொலி அடிச்சு மொத்த கிளாஸும் காத பொத்தும்.

7. அக்கவுண்ட், ஓடிபி, லைப்ரரி

க்ரோம்ல காலேஜ் மெயிலுக்குனு தனி ப்ரொஃபைல் போடுங்க. சொந்த மெயில்ல இருந்துக்கிட்டு மீட் லிங்க அழுத்தினா வெளியாள்னு நினைச்சு வெயிட்டிங்ல நிறுத்திடும், உள்ள மேடம் அட்டெண்டன்ஸ் எடுத்து முடிச்சிருப்பாங்க.

ஓடிபி யார் நம்பருக்கு போகுதுனு இப்பவே பாருங்க. அட்மிஷன் அப்போ அப்பா நம்பர் குடுத்திருப்பீங்க, எக்ஸாம் அன்னைக்கு அப்பா பஸ்ல இருப்பாரு. டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் போட்டிருந்தா கூகுள் 10 பேக்கப் கோட் தரும், பிரிண்ட் எடுத்து நோட்டுக்குள்ள ஒட்டுங்க. போன் தொலைஞ்சாலும் கீழ விழுந்து செத்தாலும் அந்த பேப்பர் உள்ள விடும்.

ஆராய்ச்சி பண்றவங்க லைப்ரரிகிட்ட ரிமோட் ஆக்சஸ் கேளுங்க. மத்திய அரசு ஜர்னல் சந்தாவ மொத்தமா கட்டுற ஒன் நேஷன் ஒன் சப்ஸ்கிரிப்ஷன் திட்டம் 2025 ஜனவரில ஆரம்பிச்சதுல இருந்து அரசு கல்வி நிறுவனங்கள்ல நிறைய ஜர்னல் கிடைக்குது, ஆனா கேம்பஸ் நெட்ல மட்டும் திறக்கும்னு நினைச்சு விட்டுடுறாங்க. பல இடத்துல இன்ஃபெட் (காலேஜ் ஐடிய வச்சு வெளியில இருந்து ஜர்னல் திறக்குற வழி) லாகின் குடுத்தா வீட்ல இருந்தே திறக்கும், சில இடத்துல காலேஜ் விபிஎன். விபிஎன்னா ஜர்னல் எடுத்ததும் ஆஃப் பண்ணிடுங்க, அது ஆன்ல இருந்தா வீடியோ கிளாஸும் காலேஜ் சர்வர் வழியா சுத்திட்டு வரும்.

8. ஃபைல்

தீசிஸ் மூணு இடத்துல இருக்கணும்: லேப்டாப், கிளவுட், ஒரு பென்டிரைவ் இல்லனா எக்ஸ்டர்னல் டிஸ்க். கிளவுட்ல சிங்க் ஆகுது, அது போதும்னு நினைக்காதீங்க, லேப்டாப்ல தெரியாம அழிச்சா கிளவுட்லயும் சேந்து அழியும், குப்பைத்தொட்டி ஃபோல்டர்ல இருந்து எடுக்குற நாள் கணக்கு தாண்டினா போச்சு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் டிஸ்க்குக்கு ஒரு காப்பி, காப்பி ஆனதும் டிஸ்க்க கழட்டி வைங்க. கூகுள் ஃப்ரீயா தர 15 ஜிபி மெயில், போட்டோ, டிரைவ் மூணுக்கும் சேத்து தான், கல்யாண போட்டோவால அசைன்மென்ட் ஏறாம நிக்கிறது நிஜமாவே நடக்குது.

தமிழ்ல எழுதுறவங்க பாமினி, வானவில் மாதிரி பழைய ஃபான்ட்ல அடிக்க வேண்டாம், யூனிகோட்ல அடிங்க. பழைய ஃபான்ட்ல அடிச்சா உங்க மெஷின்ல தமிழா தெரியறது கைடு மெஷின்ல வெறும் இங்கிலீஷ் எழுத்து குப்பையா திறக்கும். தமிழ்99 கீபோர்டு விண்டோஸ்லயே இருக்கு, லாங்குவேஜ் செட்டிங்ல சேத்தா போதும். அனுப்பும்போது பிடிஎஃப் ஒன்னும் கூட அனுப்புங்க.

9. ஒத்திகை, முந்தின நாள் அதே நேரத்துல

கிளாஸ் காலைல 10 மணினா ஒத்திகையும் காலைல 10 மணிக்கு, ஏன்னா வீட்டு சத்தமும் லைன் வேகமும் நேரத்துக்கு நேரம் மாறும். ஒரு ஃப்ரெண்ட மீட்டிங்ல கூப்பிட்டு பேசிக்கிட்டே இருங்க, நடுவுல வீட்ல யாரையாவது மெயின ஆஃப் பண்ண சொல்லுங்க. குரல் போகாம இருந்தா ரெண்டாவது ஸ்டெப் சரியா பண்ணிருக்கீங்க.

அப்புறம் ஃபைபர் ஒயர தொடாம, ரவுட்டர ஆஃப் பண்ணிட்டு போன் ஹாட்ஸ்பாட்டுக்கு மாறி பாருங்க. ஹாட்ஸ்பாட் பாஸ்வேர்ட லேப்டாப்ல முன்னாடியே சேவ் பண்ணிருக்கணும், பதட்டத்துல அத தேடி அடிக்கிறப்ப தான் நேரம் போகுது. ஃபைபர் எந்த கம்பெனியோ அந்த கம்பெனி சிம்ல ஹாட்ஸ்பாட் வேண்டாம், ஒரே கோளாறுல ரெண்டும் சேந்து போக வாய்ப்பு இருக்கு, வேற கம்பெனி சிம் வச்சுக்கோங்க. ஹாட்ஸ்பாட் போடும்போது லேப்டாப்ல அப்டேட்டையும் கிளவுட் சிங்க்கையும் நிறுத்திடுங்க, இல்லனா இருக்குற டேட்டாவ அதுவே குடிச்சிடும்.

எல்லாம் சரியா ஓடினதும் அந்த நோட்டுல இருந்து ஒரு பக்கத்த கிழிச்சு, நெட் கஸ்டமர் நம்பர், கம்ப்ளைண்ட் நம்பர், காலேஜ் ஹெல்ப்டெஸ்க் நம்பர், மீட்டிங் ஐடி, கைடு இல்லனா கிளாஸ் ரெப் போன் நம்பர் அஞ்சையும் பெரிய எழுத்துல எழுதி ரவுட்டர் பக்கத்து சுவர்ல ஒட்டுங்க. நெட்டே இல்லாதப்ப தான் இந்த நம்பர் எல்லாம் தேவைப்படும், அப்போ மெயில திறந்து தேட முடியாது.